வானிலையும் மனநிலையும்: உங்கள் மனத்தை அசைப்பது எது என்று கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாலைந்து நாட்கள் தொடர்ந்து மப்பும் மந்தாரமுமாக இருந்தால் எந்த வேலையிலும் மனம் ஒட்டுவதில்லை. காற்றே அசையாத புழுக்கமான பிற்பகலில், சாதாரணமாகக் கேட்ட கேள்விக்கும் சுள்ளென்று பதில் வந்துவிடுகிறது. நீண்ட வெயில் காலத்துக்குப் பின் முதல் மழை விழும்போது, காரணம் சொல்லத் தெரியாமலே மனம் லேசாகிறது. எல்லாவற்றுக்கும் வானிலைதான் காரணம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். வானிலையை மாற்ற முடியாது, ஆகவே இந்த மனநிலையையும் மாற்ற முடியாது என்று முடிவு கட்டிக்கொள்கிறோம். அந்த முடிவை நான் ஏற்கவில்லை.

வானம் நேரடியாக மனத்தைத் தொடுவது குறைவு. நடுவில் ஐந்து விஷயங்கள் நிற்கின்றன: கண்ணில் படும் வெளிச்சம், உடலின் வெப்பம், இரவுத் தூக்கம், நடமாட்டம், மனிதர்களோடு கழியும் நேரம். வானிலை இவற்றைக் கலைக்கிறது. இவை கலைந்தால் மனம் கலைகிறது. வானத்தின் மேல் நமக்கு அதிகாரம் கிடையாது. இந்த ஐந்தின் மேல் ஓரளவு உண்டு. உங்கள் விஷயத்தில் இவற்றில் எது முக்கியம் என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்வதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: மற்றவர்களை அளவுகோலாக வைக்காதீர்கள்

ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அன்றாட மனநிலைக் குறிப்புகளை வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு ஜெர்மனியில் நடந்தது, 2008-இல் வெளியானது. சராசரியாகப் பார்த்தால் வானிலையின் பாதிப்பு மிகச் சிறியது என்று அது கண்டது. ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருந்தது. நெதர்லாந்தில் பதின்பருவத்தினரையும் அவர்களுடைய தாய்மார்களையும் வைத்து நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, இந்த வேறுபாட்டை நான்கு வகையாகப் பிரித்தது: வெயிலில் மலர்பவர்கள், வெயிலில் வாடுபவர்கள், மழையில் சோர்பவர்கள், எதற்கும் அசையாதவர்கள். ஒருவர் கொண்டாடும் நாள் இன்னொருவரை வாட்டுகிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒன்றுமே இல்லாததுபோல் தெரிகிறது.

ஆகவே, "வெயில் நன்றாக அடிக்கிறதே, ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்று யாராவது கேட்டால் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். பளீரென்ற நாளில் சோர்ந்திருப்பவர்களுக்கு, ஊரே உற்சாகமாக இருக்கும்போது தான் மட்டும் இப்படி இருக்கிறோமே என்ற கூடுதல் பாரமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள். நீங்கள் எந்த வகை என்பதை உங்கள் குறிப்பேடுதான் சொல்ல முடியும்.

படி 1: ஒரு மாதம் குறிப்பெடுங்கள், மனத்தை முதலில், வானத்தைக் கடைசியில்

நினைவை நம்பி முடிவு செய்யக் கூடாது. காரணம் இருக்கிறது. 1996-இல் டொனால்ட் ரெடெல்மையர், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இருவர், மூட்டு வாத நோயாளிகள் 18 பேரின் வலியை 15 மாதங்கள் வானிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வானிலை மாறும்போது வலி கூடுகிறது என்று நோயாளிகள் உறுதியாக நம்பினார்கள். பதிவுகளில் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. மழை பெய்து வலித்த நாள் நினைவில் நிற்கிறது. மழை பெய்தும் வலிக்காத நாள் மறந்துபோகிறது. பிரிட்டனில் 2,600-க்கும் மேற்பட்டோரிடம் தினசரி விவரம் வாங்கி 2019-இல் வெளியான ஆய்வில், ஈரப்பதத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் காற்றின் வேகத்துக்கும் வலியோடு சிறிய தொடர்பு தெரிந்தது. நம் எண்ணம் முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

காலை, பிற்பகல், இரவு என்று நாளுக்கு மூன்று முறை எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் இந்த வரிசையைக் கடைப்பிடியுங்கள்:

- மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். பக்கத்தில் ஒரே ஒரு சொல்: சோர்வு, எரிச்சல், பதற்றம், அமைதி, உற்சாகம்.
- முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், இடையில் விழித்தீர்களா (காலையில் மட்டும்).
- அதுவரை வெளியே கழித்த நேரம். யாருடனாவது மனம்விட்டுப் பேசினீர்களா.
- சண்டை, வேலை நெருக்கடி, உடம்பு சரியில்லாமை, மாதவிடாய் போன்ற வேறு காரணங்கள்.
- எல்லாம் எழுதிய பிறகு வானம்: வெயில், மேகம், மழை, புழுக்கம், காற்று.

வரிசை முக்கியம். 1983-இல் உளவியலாளர்கள் நோர்பர்ட் ஷ்வார்ட்ஸ், ஜெரால்ட் க்ளோர் இருவரும் வெயில் நாட்களிலும் மழை நாட்களிலும் மக்களைத் தொலைபேசியில் அழைத்து, வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். மழை நாளில் பேசியவர்கள் குறைவாகச் சொன்னார்கள். ஆனால் பேச்சுவாக்கில் முதலிலேயே "அங்கே வானிலை எப்படி?" என்று கேட்டுவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துபோனது. பத்து லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கர்களின் பதில்களைக் கொண்டு 2013-இல் வெளியான ஆய்வு, அன்றாட வானிலைக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் பொருட்படுத்தத் தக்க தொடர்பைக் காணவில்லை. எனவே மழை நம் வாழ்வின் மதிப்பையே மாற்றிவிடும் என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு கேள்வியின் வரிசை பதிலை மாற்றக்கூடும் என்பதால், ஜன்னலைப் பார்ப்பதற்கு முன்பே மனத்துக்கு மதிப்பெண் போட்டுவிடுங்கள்.

ஒரு நாளின் பதிவு இவ்வளவு சுருக்கமாக இருந்தால் போதும்: "காலை. மனம் 4, சோர்வு. தூக்கம் 5 மணி, இரண்டு முறை விழிப்பு. வெளியே போகவில்லை. வேறு காரணம் இல்லை. மேகம்." இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள்.

படி 2: குறிப்பேட்டைப் படியுங்கள்

மாத முடிவில், மேகமூட்ட நாட்களை மட்டும் தனியே எடுங்கள். பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன, அவற்றின் மனநிலைச் சராசரி 4 என்று வைத்துக்கொள்வோம். "பார்த்தீர்களா, மேகம்தான்" என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரப்படாமல் அந்தப் பன்னிரண்டையும் மறுபடி இரண்டாகப் பிரியுங்கள்: வெளியே அரை மணி நேரமாவது போன நாட்கள் ஒரு பக்கம், வீட்டுக்குள்ளேயே இருந்த நாட்கள் மறு பக்கம். வெளியே போன ஐந்து நாட்களின் சராசரி 6, போகாத ஏழு நாட்களின் சராசரி 2 அல்லது 3 என்று வந்தால், கேள்வி மேகத்தைப் பற்றியது அல்ல என்று தெரிந்துவிடும். அடுத்து இதேபோல் தூக்கத்தை வைத்துப் பிரியுங்கள். பிறகு பேச்சுத் துணையை வைத்து. ஐந்தில் எதை வைத்துப் பிரிக்கும்போது இடைவெளி பெரிதாகிறதோ, அதன் மேல் சந்தேகத்தைக் குவியுங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. வெளியே போனதால் மனம் நன்றாக இருந்ததா, மனம் நன்றாக இருந்ததால் வெளியே போனீர்களா என்று குறிப்பேடு சொல்லாது. மூன்றாம் படியில் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிப் பார்ப்பது அதற்காகத்தான்.

முந்தைய நாளையும் மறக்காதீர்கள். இன்றைய எரிச்சலுக்கு இன்றைய வானம் காரணமாக இல்லாமல், நேற்றிரவின் புழுக்கம் காரணமாக இருக்கலாம்.

படி 3: இடையில் நிற்பதைச் சரிசெய்யுங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் விட்டு, மதிப்பெண்களை ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

*வெளிச்சம் குறைவு என்றால்*

மேகமூட்டமான பகலில் வெளியே நின்றால் கண்ணுக்குச் சில ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் கிடைக்கிறது. விளக்கெரியும் வீட்டறையில் பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ்தான். வெளியே உச்சி வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். இந்த வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொண்டு, அறையையும் வெளிச்சமாகவே காட்டுகிறது. ஆனால் விழித்திரையில் பார்வைக்கான செல்கள் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட இன்னொரு வகைச் செல்கள் உண்டு. அவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002-இல் உறுதியானது. வெளிச்சத்தின் அளவை மூளையின் ஹைப்போதலாமஸில் இருக்கும் உடல் கடிகாரத்துக்குச் சொல்வது இவற்றின் முக்கிய வேலை. அந்தக் கடிகாரம், தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் எப்போது சுரக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. காலையில் போதிய வெளிச்சம் இல்லையென்றால் பகல் தொடங்கிவிட்டது என்ற செய்தி தெளிவாகப் போய்ச் சேருவதில்லை. பகல் முழுக்க மந்தம், இரவில் தூக்கம் தள்ளிப்போதல் என்று அது தெரியவரும்.

மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான செரடோனினுக்கும் வெளிச்சத்துக்கும் தொடர்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமான ஆண்களின் கழுத்து ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து நடத்திய 2002-ஆம் ஆண்டு ஆய்வில், மூளையில் செரடோனின் உருவாகும் வேகம் அன்று எவ்வளவு நேரம் பிரகாசமான வெயில் இருந்தது என்பதைப் பொறுத்துக் கூடியது. குளிர்காலத்தில் மிகக் குறைவாக இருந்தது.

செய்ய வேண்டியது எளிது. விழித்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போய் இருபது முப்பது நிமிடம் இருங்கள். மேகமாக இருந்தாலும் போங்கள். மேகத்துக்குக் கீழே கிடைப்பதும் உங்கள் அறை விளக்கைப்போல் பல மடங்கு. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. அதற்குத் தேவையும் இல்லை. வெளியே போகவே முடியாதவர்கள், வேலை செய்யும் மேசையை ஜன்னலை ஒட்டி நகர்த்துங்கள். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே தள்ளி உட்கார்ந்தாலே வெளிச்சம் சரசரவெனக் குறைந்துவிடும். கண் இதையும் மறைத்துவிடும் என்பதால், நகர்த்திப் பார்த்து மதிப்பெண்ணை ஒப்பிடுவதுதான் வழி. மாலைக்குப் பின் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: கூரை விளக்கை அணைத்து, சிறிய விளக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

*வெப்பமும் புழுக்கமும் என்றால்*

தூங்குவதற்கு உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் இறங்க வேண்டும். வெப்பமான இரவில் அது இறங்க மறுக்கிறது. காற்றில் ஈரப்பதம் கூடினால் வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே நிற்கிறது. வியர்க்கிறது, ஆனால் குளிர்வதில்லை. அமெரிக்காவில் 7,65,000 பேர் தந்த பதில்களைக் கொண்டு 2017-இல் வெளியான ஆய்வு, வழக்கத்தைவிட வெப்பம் கூடிய இரவுகளில் போதிய தூக்கமில்லை என்று சொல்பவர்கள் அதிகரிப்பதைக் காட்டியது. முதியவர்களும் வருமானம் குறைந்தவர்களும் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். வெயில் காலத்து எரிச்சலைக் குணக்கேடு என்று திட்டும் முன், அந்த மனிதர் எத்தனை இரவுகள் சரியாகத் தூங்கவில்லை என்று கேளுங்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன்.

கோபத்தைப் பற்றி ஒரு நுட்பமான கண்டுபிடிப்பு இருக்கிறது. அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டங்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் அலசி 2011-இல் வெளியான ஆய்வில், வெயில் ஏற ஏற, பந்து வீசுபவர் எதிரணி ஆட்டக்காரரைப் பந்தால் அடிப்பது கூடியது. ஆனால் அது முக்கியமாக, தன் அணியினர் முன்பே அடிபட்டிருந்த ஆட்டங்களில்தான். வெப்பம் கோபத்தைப் புதிதாக உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே உள்ள உரசலைப் பழிவாங்கலாக மாற்றுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வீட்டிலோ அலுவலகத்திலோ மனத்தாங்கல் இருந்தால், அந்தப் பேச்சைப் புழுக்கமான பிற்பகலில் எடுக்காதீர்கள். காலைக் குளிர்ச்சிக்குத் தள்ளி வையுங்கள்.

பகல் முழுவதும் வெயில் படும் ஜன்னல்களை மூடித் திரையிடுங்கள். வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்த பிறகு திறங்கள். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். கேட்க முரணாகத் தோன்றும். ஆனால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பம் வெளியேற அது வழிவிடுகிறது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். உடல் எடையில் ஒன்றிரண்டு சதவீத அளவு நீர் குறைந்தாலே சோர்வும் கவனச் சிதறலும் வரும். அதை மனச்சோர்வு என்று தவறாக எண்ணிவிடுவோம். மின்விசிறி வியர்வையை ஆற்ற உதவும். ஆனால் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது சூட்டையே உடலின் மேல் தள்ளும் என்பதால், அப்போது நனைந்த துணியையும் குளிர்ந்த இடத்தையும் நாடுங்கள்.

மனநல மருந்து எடுப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். உடலில் நீர் குறைந்தால், இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தின் அளவு ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மனச்சிதைவு நோய்க்கான சில மருந்துகளும் மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் வியர்ப்பதையோ, உடல் வெப்பத்தைச் சீராக வைப்பதையோ தடுக்கின்றன. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெயில் காலம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

*அடைபட்டுக் கிடப்பதுதான் காரணம் என்றால்*

அடைமழையோ கடுங்குளிரோ முதலில் பறிப்பது நடமாட்டத்தை. நடை நிற்கிறது, சந்திப்பு தள்ளிப்போகிறது, படுக்கை நீள்கிறது. மனம் சரியானதும் போகலாம் என்று காத்திருப்போம். போகாததால் மனம் சரியாவதில்லை. இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, மனநிலையைக் கேட்காமல் நேரத்தைக் கேட்டு நடப்பது. மழை நாளுக்கென்று ஒரு தனிப் பட்டியலை இப்போதே எழுதி வையுங்கள்: வீட்டுக்குள் செய்யும் உடற்பயிற்சி ஒன்று, தொலைபேசியில் அழைக்க வேண்டிய ஒருவர், கையால் செய்யும் வேலை ஒன்று. சோர்ந்திருக்கும்போது புதிதாக யோசிக்க வராது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, வசந்தத்தின் இனிய நாட்களில் வெளியே அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தவர்களின் மனநிலை உயர்ந்ததையும், அதே நாட்களில் உள்ளேயே அடைந்திருந்தவர்களின் மனநிலை தாழ்ந்ததையும் கண்டது. நல்ல வானிலையும் ஜன்னலுக்கு அப்பால் இருந்தால் பயனில்லை.

*காற்று, அழுத்தம், மண்வாசனை*

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வறண்ட சூட்டுக் காற்று மனத்தைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. சான்று வலுவாக இல்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் சிலருக்குக் காற்றழுத்த மாற்றம் தூண்டுதலாகலாம். உங்கள் குறிப்பேட்டில் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் மழையின் மண்வாசனைக்கு, மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் ஒரு முக்கியக் காரணம். நம் மூக்கு அதை நம்ப முடியாத அளவு நுண்ணிய அளவிலும் கண்டுகொள்ளும். உங்களுக்கு அது மகிழ்ச்சி தருகிறது என்றால் கதவைத் திறந்து நில்லுங்கள்.

படி 4: பெரிய முடிவுகளை வானத்திடமிருந்து காப்பாற்றுங்கள்

கல்வியில் கடுமைக்குப் பெயர்பெற்ற ஒரு கல்லூரியைப் பார்வையிட வந்த மாணவர்களை யூரி சைமன்சன் ஆராய்ந்தார். முடிவு 2010-இல் வெளியானது. மேகமூட்டமான நாளில் வந்தவர்கள், பளிச்சென்ற நாளில் வந்தவர்களைவிட அங்கே அதிகமாகச் சேர்ந்தார்கள். மேகம் படிப்பை ஈர்ப்பாகக் காட்டியிருக்கலாம் என்பது அவர் கணிப்பு. 26 நாடுகளின் பங்குச் சந்தைகளை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வில், முக்கியப் பங்குச் சந்தை அமைந்த நகரத்தில் காலை வெயில் அடித்த நாட்களில் பங்கு விலைகள் சற்றே கூடுதலாக ஏறின.

இடம் மாறுவதிலும் இதே மயக்கம் உண்டு. நல்ல வானிலை உள்ள ஊருக்குப் போனால் வாழ்க்கை மாறிவிடும் என்று நினைக்கிறோம். டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், கலிஃபோர்னியா மாணவர்களும் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி மாணவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தியைச் சொன்னார்கள். ஆனால் கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இரு தரப்பும் எண்ணியது. வேலையை விடுவது, வீடு வாங்குவது, உறவை முறிப்பது போன்ற எதையும் ஒரே வகை வானிலை நிலவும் நாட்களில் தீர்மானிக்காதீர்கள். முடிவை எழுதிவைத்து, வானம் மாறிய பிறகு இன்னொரு முறை படியுங்கள்.

படி 5: இது வெறும் வானிலைச் சோர்வு அல்ல என்று எப்போது உணர்வது

ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தில் வந்து, அடுத்த பருவத்தில் தானே விலகும் மனச்சோர்வு நோய் உண்டு. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நார்மன் ரோசென்தாலும் அவரது குழுவினரும் 1984-இல் இதை விரிவாக விவரித்தார்கள். குளிர்கால வகையில் அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்களின் மேல் ஏக்கம், எடை கூடுதல், மனிதர்களிடமிருந்து விலகல் வரும். அரிதான கோடைகால வகை இதற்கு நேர்மாறு: தூக்கமின்மை, பசியின்மை, பரபரப்பு.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. 10,000 லக்ஸ் விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்காரும் ஒளி சிகிச்சை ஒன்று. கனடாவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் அது மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்செட்டின் மாத்திரைக்கு இணையாகப் பலன் தந்தது. இந்நோய்க்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு வழிச் சிகிச்சை), இரண்டு குளிர்காலங்கள் கழித்துப் பார்த்தபோது, ஒளி சிகிச்சையைவிட நோய் திரும்புவதை அதிகம் தடுத்திருந்தது. ஆனால் விளக்கை வாங்கி நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். இருதுருவ மனநோய் உள்ளவர்களுக்கு அது மிகையெழுச்சியை, அதாவது கட்டுக்கடங்காத உற்சாக நிலையை, தூண்டலாம். விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும், ஒளிக்குக் கூசச்செய்யும் மருந்து எடுப்பவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் தாழ்ந்தே இருந்தால், முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல் போனால், வேலையோ தூக்கமோ பசியோ குலைந்தால், வானம் எப்படி இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே நெருங்கிய ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

போகும்போது குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். "கொஞ்ச நாளாக ஒரு மாதிரி இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் பல கேள்விகள் கேட்டுத்தான் விவரம் அறிய முடியும். எந்த மாதம் தொடங்கியது, தூக்கம் எவ்வளவு, எந்த நாட்களில் மதிப்பெண் ஏறியது என்று தேதியோடு காட்டினால் பேச்சு நேராகச் சிகிச்சைக்குப் போகும். சென்ற ஆண்டும் இதே மாதங்களில் இப்படித்தான் இருந்தது என்பதற்கு ஒரு வரி பதிவு இருந்தால், அதை முதலில் காட்டுங்கள். அடுத்த ஆண்டு நாட்காட்டியில் அந்த மாதத்துக்கு மூன்று வாரம் முன்பே ஒரு குறி போட்டு, காலை வெளிச்சத்தையும் மருத்துவரைப் பார்க்கும் தேதியையும் அன்றிலிருந்தே தொடங்கும்படி எழுதிவையுங்கள்.